நூல் இழுக்காத நகம்

எங்கள் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கும் பெண்கள், காலையில் கடை திறந்ததும் முதலில் என் முன்னால் வந்து கையை நீட்ட வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டுத்துண்டு வைத்திருக்கிறேன். அதன்மேல் விரல்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும். நகத்தின் ஓரம் எங்காவது பட்டைப் பிடித்தால் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு லுங்கிப் பிரிவுதான். அழுதாலும் பயனில்லை. பாலக்காடு வலியங்காடியில் சிக்கந்தர் ராவுத்தர் கடைப் பட்டு என்றால் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி ஆட்கள்கூட மடிப்பைப் பிரிக்காமல் வாங்கிப் போகிறார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல.

அந்தக் கடையின் மாடியில் நகம் ஒட்டும் தொழில் தொடங்கப் போவதாக என் மருமகள் அன்சிலா சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"ஊரார் கையைப் பிடிச்சு நகம் ராவுற வேலை நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு?"

"நீங்க ஊரார் தோள்ல சேலையைப் போட்டுக் காட்டலையா மாமா?" என்றாள்.

அடுக்களையில் என் மனைவி ருக்கியா சிரித்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறியது.

அன்சிலா கொச்சியில் பயின்றவள். என் மகன் ஷபீருடன் துபாயில் இருந்தபோது அங்கே ஒரு பெரிய கடையில் இதே வேலை பார்த்தவள். தடுத்தால் வேறு தெருவில் இடம் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியும். அதைவிட என் கண் பார்வையில் இருப்பது மேல். சரி என்றேன். ஆனால் நிபந்தனை போட்டேன். பலகையில் எங்கள் கடைப் பெயர் வரக்கூடாது. அவள் செய்த நகம் எந்தப் பட்டிலாவது ஒரு நூலை இழுத்தது என்று சொல் வந்தால் அன்றே மாடி பூட்டப்படும். வாய்ப்பேச்சாக அது நின்றுவிடக் கூடாது என்று ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி, மாடிக் கதவின் கொண்டியில் திறந்தபடியே தொங்கவிட்டேன். சாவி என்னிடம் இருந்தது. அவள் தினமும் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் உள்ளே போவாள்.

கடைக்கு வருகிறவர்கள் மேலே யார் என்று கேட்டால், "ஒரு பொண்ணு இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் மேலே போனேன். என் கடைக்கு மேல் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் விரலில் ஜெல் வைத்து நீட்டி, விளக்கில் காட்டி இறுக்கியிருந்தாள். அது மெழுகு வழிந்து உறைந்ததுபோல மேடும் பள்ளமுமாக இருந்தது. பிறகு அரத்தை எடுத்தாள். அவள் அதை ஃபைல் என்கிறாள். முதலில் இரண்டு பக்க ஓரங்கள், அப்புறம் நுனி, கடைசியில் மேல்பரப்பு. முன்னும் பின்னும் அறுப்பதுபோல ராவவில்லை, ஒரே பக்கமாகத்தான் இழுத்தாள். நடுநடுவே அந்த விரலைத் தன் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்து, தச்சர் பலகையின் ஓரத்தைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சொரசொரப்பான அரத்துக்குப் பிறகு மிருதுவானது, அதன் பிறகு பஞ்சுபோல ஒன்று. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, விரலைத் திருப்பி நகத்தின் அடிப்பக்கத்தில் அரத்தைச் சாய்த்து இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"அது எதுக்கு? யாரு பார்க்கப் போறா?" என்றேன்.

"ராவும்போது அடியில மெல்லிசா ஒரு பிசிறு மடங்கி நிக்கும் மாமா. கண்ணுக்குத் தெரியாது. நூலைப் பிடிக்கிறது அதுதான்."

நான் இறங்கி வந்துவிட்டேன். தொழுகைக்குக் கை கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் அவள் தன் விரல்களில் எதையும் ஒட்டுவதில்லை. அதையும் கவனித்தேன்.

எருத்தேன்பதி மாரீஸ்வரன், தென்னந்தோப்புக்காரர், தம் மகள் சிவசங்கரிக்கு முகூர்த்தப் பட்டு எங்களிடம்தான் எடுத்தார். அரக்குச் சிவப்பு, அகலக் கரை. அந்தப் பெண் சேலையை எடுத்த கையோடு மாடிக்குப் போய் நாளும் குறித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் வந்து நகமும் வைத்துக்கொண்டு போனது. மறுநாள் கல்யாணம் என்கிற நிலையில், பிற்பகல் அஸர் தொழுகை முடித்து நான் கடைக்குத் திரும்பியபோது மாரீஸ்வரன் ஃபோனில் வந்தார்.

"ஏனுங்க பாய், உங்க மாடியில வெச்ச நகம் ஒடைஞ்சு உங்க கடைச் சேலையவே இழுத்துப் போட்டிருச்சுங்க. கட்டிப் பாக்கையில முந்தானையில கோடு உழுந்திருச்சு. காத்தால முகூர்த்தமுங்க. நாங்க என்னங்க பண்றது?"

"நான் வர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

வெள்ளைத் துண்டையும் ஊசிப் பெட்டியையும் எடுத்தேன். பூட்டின் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். ஷபீர் கொள்முதலுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தான். அன்சிலாதான் தன் சாமான் பெட்டியோடு வந்து காரை ஓட்டினாள்.

"நூல் இழுத்தா பூட்டுன்னு சொல்லியிருக்கேன்" என்றேன்.

"மறக்கல மாமா. இழுத்தது என்னன்னு பார்த்துட்டுப் பூட்டுங்க."

"உன் நகம்னு சொல்றாங்க."

"என் நகம் ஒடையாது."

என் பட்டு சாயம் போகாது என்று நான் சொல்லும் அதே குரல். கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் அவள் வேகத்தைக் கூட்டினாள்.

கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. முன்கூடத்தில் பொள்ளாச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழாமல் இருக்க மாரீஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு எங்களை உள்ளறைக்கு அழைத்துப் போனார். சிவசங்கரி கட்டிலில் உட்கார்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது. கதவோரம் மாரீஸ்வரனின் தங்கை செல்வலட்சுமி நின்றார். அந்த வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவர் கையில் என்று பார்த்ததும் தெரிந்தது. இடுப்பில் சாவிக்கொத்து.

முதலில் சேலையைப் பார்த்தேன். முந்தானையில் குறுக்காக ஓர் இழை இழுபட்டு, துணி அந்த வரியில் சுருங்கியிருந்தது. இழை அறவில்லை. ஜரிகையைத் தொடவில்லை. பிறகு வெள்ளைத் துண்டைக் கட்டிலில் விரித்து, "கையை ஓட்டும்மா" என்றேன். சிவசங்கரி ஒவ்வொரு விரலாக ஓட்டியது. எல்லாம் தண்ணீரில் போவதுபோலப் போயின. வலது சுண்டுவிரல் வந்ததும் துண்டு விரலோடு எழுந்து வந்தது.

"பாத்தீங்களா!" என்றார் மாரீஸ்வரன்.

அன்சிலா அந்த விரலை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். "எப்படி ஆச்சு?"

"தெரியலீங்க்கா. மத்தியானம் படுத்து எந்திரிச்சுப் பாத்தா இப்படி இருந்துச்சு. தூக்கத்துல எதுலயோ பட்டு ஒடைஞ்சிருச்சாட்ட இருக்குதுங்க."

"ஒடைஞ்சா கோணல்மாணலா போகும். இது பிறை மாதிரி உள்ளே வளைஞ்சிருக்கு. இது யாரோ..."

அவள் தலையை நிமிர்த்தினாள். அந்த நேரம் நான் செல்வலட்சுமியைப் பார்த்தேன். அவருடைய கை இடுப்புச் சாவிக்கொத்தை மூடிக்கொண்டது. மூடுவதற்கு முன்னால், சாவிகளுக்கு நடுவே தொங்கிய சின்ன நகவெட்டியை நான் பார்த்துவிட்டேன்.

"அன்சிலா, பேச்சு அப்புறம். முதல்ல கையைப் பாரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க வாய் திறந்தவளை நானே அடைத்துவிட்டேன். சாவியும் என் பையில் இருக்கிறது. ஆனால் கூடத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள், பெண்ணின் அத்தையை வெளியிலிருந்து வந்த நாங்கள் குற்றவாளியாக நிறுத்துவது முறையல்ல. என் வீட்டில் ஒருவர் வந்து அப்படிச் செய்தால் நான் பொறுப்பேனா? அதற்காக இல்லாத பிழையை எங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவும் முடியாது.

மாரீஸ்வரனிடம் திரும்பினேன். "எங்க வேலையில குத்தம் இருந்தா நானே சொல்லி, நானே மாடியைப் பூட்டுவேன். அதுவரைக்கும் நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

"எல்லா நகத்தையும் புடுங்கிப் போட்டிருங்க பாய். ஒண்ணும் வேண்டாம்."

"புடுங்கினா சொந்த நகமும் கூடவே உரிஞ்சு வரும்ங்க" என்றாள் அன்சிலா. "மணவறையில பிளாஸ்திரி போட்டு உட்காரச் சொல்றீங்களா?"

மாரீஸ்வரன் கட்டிலை விட்டு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அன்சிலா துண்டு விரித்துப் பெட்டியைத் திறந்தாள். வெட்டுப்பட்ட நகத்தில் நுனியிலிருந்து உள்நோக்கி வெள்ளையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. நகவெட்டியின் நசுக்கலில் இந்த ஜெல் அப்படித்தான் பிளக்கும் என்று பிற்பாடு சொன்னாள். விரிசல் மறையும்வரை ராவினாள். சுண்டுவிரல் குட்டையாகிவிட்டது. அந்த ஒன்று மட்டும் குட்டையாக நின்றால் கை அழகு கெடும். மற்ற விரல்களையும் அதற்கேற்ற அளவுக்கு இறக்கி, கூர்நுனிகளை எல்லாம் வட்டமாக்கத் தொடங்கினாள். இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, எதிரெதிர் விரல்களை ஒப்பிட்டு, மயிரிழை வித்தியாசத்தையும் விடாமல் எடுத்தாள். வெள்ளைத் தூள் அவள் மடியில் உதிர்ந்தது.

நான் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். இழுபட்ட இழையைச் சுருக்கத்தின் இரண்டு பக்கமும் ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, துணியைக் குறுக்காக நீவி, வெளியே வளையமாக நின்ற கண்ணியை நெசவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அவளும் அவசரப்படவில்லை. அரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவள் விரல்களைத் திருப்பி அடிப்பக்கம் சாய்த்து ராவினாள். தூளைத் துடைத்து, மேல்பூச்சை நுனி ஓரத்தையும் மூடும்படி பூசி, சின்ன விளக்கில் காட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தன் கட்டைவிரலால் ஒவ்வொரு நகத்தையும் தடவினாள்.

"ஆச்சு மாமா."

முந்தானையை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். கோடு இல்லை. மடிக்காமல் கட்டிலில் விரித்தேன்.

"அம்மா, நீங்க வாங்க" என்று செல்வலட்சுமியைக் கூப்பிட்டேன். "வெள்ளைத் துண்டு வேண்டாம். உங்க பொண்ணு கையை நீங்களே பிடிச்சு இந்தப் பட்டு மேல ஓட்டுங்க. அழுத்தியே ஓட்டுங்க."

"ஐயோ, நானுங்களா?"

"நீங்கதான்."

 செல்வலட்சுமி சிவசங்கரியின் வலக்கையைப் பிடித்து முந்தானையில் வைத்தார். சுண்டுவிரலை மெல்ல இழுத்தார். பட்டு அசையவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தார். எதிர்த்திசையிலும் இழுத்தார். ஒரு நூல்கூடக் கிளம்பவில்லை. அந்தக் கையை விடாமல் அப்படியே நின்றார்.

"அண்ணா" என்றார். "இவிங்க மேல தப்பில்லீங்க. அது ஒடையலீங்க. புள்ள தூங்கையில நாந்தானுங்க வெட்டுனேன்."

"என்னடா அம்முணி சொல்ற?"

"காத்தால மணவறையச் சுத்தி வாரப்ப சுண்டுவெரலக் கோக்கையில மாப்பிள்ளை கையக் கீறிப் போட்டுதுன்னா? சபையில ரத்தம் கண்டா என்னென்ன பேசுவாங்க? அந்த ஒரு வெரலு முனைய மட்டும் எடுத்துட்டா ஆச்சுன்னு நெனச்சனுங்க. நீங்க சத்தம் போட்டதும் சொல்ல வாயே வல்லீங்க."

மாரீஸ்வரனின் முகம் போன போக்கைப் பார்த்து நான் முந்திக்கொண்டேன்.

"அவங்க பயந்தது நியாயம். நகத்தைக் குறைச்சதிலயும் தப்பில்ல. நகவெட்டியை எடுத்ததுதான் தப்பு. என் பட்டை அரிவாள்மணையில வெச்சுக் கிழிப்பீங்களா?"

சிவசங்கரி முதலில் சிரித்தது. அப்புறம் அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்சிலா அவர் இடுப்பைப் பார்த்து, "அந்த ஆயுதத்தை நாளைக்கு முடியறவரைக்கும் பீரோவுல வெச்சுப் பூட்டிருங்க்கா" என்றாள். மாரீஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.  

சிரிப்புச் சத்தம் கேட்டு, கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். சிவசங்கரியின் கையைத் தூக்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நேர்த்தியா இருக்குதுங்களே. ஆருங்க வெச்சது?"

"என் மருமகள்" என்றேன். "எங்க கடை மாடியிலதான். சிக்கந்தர் ராவுத்தர் கடைன்னு கேட்டா பாலக்காட்டுல எல்லாரும் சொல்லுவாங்க."

அன்சிலா அரங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் ஒரே அரத்தை வெகுநேரம் துடைத்தாள்.

திரும்பும் வழியில் நானே பேச்செடுத்தேன். "பலகையில கடைப் பேரைப் போட்டுக்க. பெயிண்டரை நான் அனுப்பறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

"யோசிக்க என்ன இருக்கு?"

"பட்டுக்கு உங்க பேரு இருக்கு. நகத்துக்கு என் பேரே போதுமான்னு பார்க்கறேன்."

இந்த வீட்டில் இப்படிப் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதட்டத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கடை வாசலில் இறங்கியதும் மாடிக்குப் போய்க் கொண்டியிலிருந்து பூட்டைக் கழற்றினேன். பின்னாலேயே வந்த அன்சிலா குறுக்கே கையை நீட்டினாள்.

"அதை எங்கே எடுத்துட்டுப் போறீங்க?"

"இனி எதுக்கு இது?"

"நல்ல பித்தளைப் பூட்டு மாமா. உள்ளே என் சாமான் இருக்கு, தினம் சும்மா சாத்திட்டுத்தான் போறேன்." பூட்டை என் கையிலிருந்து வாங்கிக் கொண்டியில் மாட்டினாள். "சாவியைக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.