யாருடைய முறை

வாயில் போட்டு மென்ற பிறகுதான், அது களிமண் சீவல் என்று நீலாவதிக்கு உறைத்தது. சூளைக்குப் போகும் முன் கரண்டு பீஸ் கட்டைகளின் ஓரத்தைக் கத்தியால் சீவிச் சரிசெய்வது அவள் வேலை. சுருண்டு விழுந்த ஈரத் துணுக்கை எடுத்து, ஊறிய அரிசியை மெல்வதுபோல மென்றுகொண்டிருந்தாள். துப்பலாம் என்றால் எதிரில் சண்முகப்ரியா. விழுங்கலாம் என்றாலும் எதிரில் சண்முகப்ரியா.

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் ஒருத்தி மண்ணைத் தின்றால் டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. மசக்கைதான். வேறு இடமாக இருந்தால் வாழ்த்தியிருப்பார்கள். இந்தக் கொட்டகையின் கதை வேறு. ஏழு வருடத்துக்கு முன் இங்கே இரண்டு பேர் ஒரே மாதத்தில் பிரசவத்துக்குப் போனார்கள். சீவ ஆளில்லாமல் சரக்கு தேங்கியது. முதலாளி வேறு ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார். கைக்குழந்தையோடு திரும்பி வந்த இருவருக்கும் இடமில்லை. அதற்குப் பிறகு இங்குள்ள எட்டுப் பெண்களும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். போர்செட்டுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோலப் பிள்ளைக்கும் முறை. ஒருத்தி பெற்றுத் திரும்பிய பிறகே அடுத்தவள். சிரித்துக்கொண்டேதான் பேசி முடித்தார்கள். அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் மூன்று வருடமாக முறை சண்முகப்ரியாவுடையது. கல்யாணமாகிப் பத்து வருடம், ஒன்றும் தங்கவில்லை. அவளிடம் போய் விட்டுக்கொடு என்று கேட்க யாருக்கு வாய் வரும்? ஒற்றைப் பிள்ளையோடு நின்றவர்கள், இருப்பதைப் படிக்கவைத்தால் போதாதா என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். நீலாவதியும் அப்படித்தான். கம்மாபுரத்தில் அவள் அம்மா ஆறு பெற்றாள், யாரிடமும் முறை கேட்டதில்லை. மகளோ இரண்டாவதற்கே பயந்து கிடந்தாள். கணவன் நந்தகுமார் சுரங்கத்தில் ஒப்பந்த ஆள், இன்றைக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. கலைத்துவிடலாமா என்று நேற்று ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். இந்தப் பிள்ளை வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"துப்புடி," என்றாள் சண்முகப்ரியா. "பச்ச மண்ணு. வயித்துக்கு ஆவாது."

துப்பினாள். கொட்டகையில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

"எத்தினி மாசம்?"

"ரெண்டரை. ஒங்க முறைன்னு தெரியும்க்கா. நெனச்சு செய்யல."

சண்முகப்ரியா எழுந்து வெளியே குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எல்லாருக்கும் மூத்தவளான கொளஞ்சியம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்தவள் பொருளைத் திருடிவிட்டு அகப்பட்டதுபோல நீலாவதி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சண்முகப்ரியா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்து கத்தியை எடுத்துச் சீவத் தொடங்கிய பிறகுதான் பேசினாள்.

"வலிக்குதுடி. இல்லன்னு சொன்னா பொய்யி. ஆனா மூணு வருசமா அத்தினி பேரும் என் வயித்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, எனக்கு மூச்சு முட்டுது. முறையும் வேணாம் ஒண்ணும் வேணாம். யாருக்கு எப்ப வருதோ வரட்டும்."

"ரெண்டு பேரு ஒண்ணா போயிட்டா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"மீதி ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் சேத்துச் சீவுங்க. எடத்த மட்டும் வுட்டுராதீங்க."

கொளஞ்சியம்மாள் யோசித்தாள். "சரி. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். என்னத் தாண்டி எவ வந்து குந்துறான்னு பாக்கறேன்."

பிறகு மூலையில் இருந்த பிரபா, ஒன்பதாவது படிக்கும் பையனுக்குத் தாய், கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்டின்னா நானும் சொல்லிடறேன். எனக்குப் பத்து நாளு தள்ளிப் போயிருக்குது."

"அடிப்பாவி! நான் கேட்டு வாய் மூடல, ரெண்டு பேரு ஆயிடுச்சேடி!" என்றாள் கொளஞ்சியம்மாள்.

முதலில் சிரித்தது சண்முகப்ரியாதான். அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் நிறைந்ததைப் புறங்கையால் துடைத்தபோது கன்னத்தில் வெள்ளைக் களிமண் அப்பிக்கொண்டது. அதைத் துடைக்காமலே, நீலாவதியின் பலகையிலிருந்து நாலைந்து கட்டைகளை அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.