பையில் எவ்வளவு இருந்தது

1.
இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரிப் பையிலிருந்து தொடங்கியது. மரியநேசனுக்குக் குடலில் ஒப்பரேசன் செய்து, உள்ளே கசிவது வெளியே வருவதற்காக வயிற்றில் ஒரு குழாய் விட்டிருந்தார்கள். அதன் முனையில் தொங்கியதுதான் அந்தப் பை. பக்கத்துக் கட்டிலில் என் அண்ணன். அண்ணனுக்குத் துணையாக நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கொக்கிளாய்க் கடலின் உப்புக்காற்று மீனவன் மரியநேசனின் கட்டிலருகே

(அந்த வரியை அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாட்டில் மருந்து மணம்தான்.)

2.
ஞாயிறு காலை. ஃபாதர் நற்கருணை அப்பத்தோடு வாட்டுக்கு வருகிறார் என்றார்கள். மரியநேசனின் மனைவி புனிதமலர் பரபரத்தார். விரிப்பை மாற்றினார், கணவனின் முகத்தைத் துடைத்தார். பையில் பாதிக்கு மேல் இரத்தம் சேர்ந்திருந்தது.

"ஆண்டவர் வாற நேரம் இது இப்பிடித் தொங்கிறது வடிவில்லை."

பையின் அடியைத் திறந்து ஒரு பேசின் சட்டியில் வடித்து, கழிப்பறையில் ஊற்றிவிட்டு வந்தார். எவ்வளவு இரத்தம் போகிறது என்று நேர்ஸ் அளந்து எழுதிய பிறகுதான் ஊற்றவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.*

* எனக்குத் தெரியும். அண்ணனின் பையை அளக்கும்போது பார்த்திருக்கிறேன். நல்ல துப்புரவான மனுசி என்று நினைத்தேன். எழுதுகிறவன் அல்லவா, குறிப்புப் புத்தகத்தில்கூட அதை எழுதிவைத்தேன். வாய் திறந்து சொல்லத்தான் இல்லை.

பத்து மணிக்கு நேர்ஸ் வந்து, அதற்குப் பிறகு பையில் சேர்ந்ததை மட்டும் அளந்து, முப்பது மில்லி என்று எழுதினார்.

3.
இந்தக் கதையில் நான் நம்பாத பாத்திரம் அந்தப் பக்கத்துக் கட்டில்காரனின் தம்பி. முதல் வரைவில் அவனைத் தூங்கவைத்தேன். அடுத்ததில் தேத்தண்ணி குடிக்க அனுப்பினேன். இரண்டும் பொய். வெட்கமாக இருக்கிறது.

4.
ஒரு மணிக்கு மரியநேசனுக்கு வியர்த்தது.

"மலர், தலை சுத்துது."

உதடு வெளிறியிருந்தது. டொக்டர் வந்து பிறஷர் பார்த்தார், நேர்ஸ் எழுதிய தாளைப் பார்த்தார்.

"முப்பது மில்லிதானே வந்திருக்கு. ஆராவது பையை ஊத்தினீங்களோ?"

"இல்லை டொக்டர்," என்றார் புனிதமலர். பொய் பேசுகிற பெண் அல்ல, பயந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்லாதே என்றா, சொல் என்றா? எட்டு மாதமாகியும் எனக்கு விளங்கவில்லை.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏதும் பாத்தனீங்களோ?"

5.
முடிவு ஒன்று: உடனே சொல்கிறேன், மறுபடி ஒப்பரேசனுக்குக் கொண்டு ஓடுகிறார்கள்.

முடிவு இரண்டு: அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்கவா என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில்

(இதை முடிக்க என்னால் ஆகாது.)

நான் சொன்ன பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன்: [                    ]

நீங்கள் நிரப்புங்கள். அதிகம் யோசிக்க வேண்டாம். அவருக்குப் பிறஷர் இறங்கிக்கொண்டிருக்கிறது.