தியோடரின் தண்ணீர் விசில்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் மழைக்காலத் தொடக்கத்தில், ரிச்சர்ட்ஸ் டவுனில் உள்ள கேத்தரினம்மாள் வீட்டுக்கு ஃபிராங்க்ளின் நல்ல செய்தி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கேட்ட கேத்தரினம்மாளோ தட்டிக்கழிக்க வழி தேடினார்.

ஃபிராங்க்ளின் வங்கியொன்றில் அலுவலர். திருச்சபையாரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து அமைத்த வரலாற்றுக் குழுவுக்குச் செயலாளரும் அவரே. இந்த நகரத்திலேயே வாழ்ந்து, எவரும் செய்யாத ஒன்றைத் தாமாகச் சிந்தித்துச் செய்துவிட்டு, ஊரறியாமல் மறைந்துபோனவர்களைப் பற்றி ஆலய மண்டபத்தில் கண்காட்சி நடத்தக் குழு தீர்மானித்திருந்தது. மழை நாளில் துணி உலர்த்தத் தணல் பெட்டி செய்த சலவைக்காரர் ஒருவர். பார்வையற்ற மகள் தடவிப் பார்த்து ஆடுவதற்காகத் தாயக்கட்டத்தைத் தையலால் எழுப்பிக் கொடுத்த தாய் ஒருத்தி. இப்படிப் பலர் அதில் இடம்பெற இருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் தியோடரின் படத்தை வைக்கவேண்டும் என்பது ஃபிராங்க்ளினின் ஆசை.

தியோடர் கேத்தரினம்மாளின் கணவர். தந்தி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். காலமாகி ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் செய்தது தண்ணீர் விசில். மாநகராட்சித் தண்ணீர் நினைத்த நேரத்தில் வந்து நினைத்த நேரத்தில் நின்றுபோகும் ஊரில், குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் பழிகிடப்பது பெண்களின் தலையெழுத்தாக இருந்தது. தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னர், குழாய்க்குள் அடைந்து கிடந்த காற்றை அது தள்ளிக்கொண்டு வரும். குழாயைத் திறந்துவைத்து அதன் வாயில் தியோடரின் சிறு மூடியைத் திருகிவிட்டால், அந்தக் காற்று பட்டு உள்ளேயிருக்கும் பித்தளை நாக்குத் துடித்து ஓசையெழுப்பும். ஓசை கேட்டதும் மூடியைக் கழற்றிவிட்டுக் குடத்தை வைக்கவேண்டியதுதான். எழுபதுகளில் நீலசந்திராப் பகுதியில் அந்த விசில் ஊதாத சந்தே இல்லை.

“ஆன்ட்டி, நீங்க மேடையில ஒரு நாலு வார்த்தை பேசணும்” என்றார் ஃபிராங்க்ளின். பின்னர் சற்றுத் தயங்கி, நீலசந்திராவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் கோவிந்தப்பா என்பவரின் மகள் பார்கவி தம்மிடம் வந்ததையும், அந்த விசிலை முதலில் விற்றது தன் தகப்பனார்தான் என்று அவள் சொன்னதையும் தெரிவித்தார். படத்தின் கீழே வைக்கும் பலகையை எழுதக் கொடுக்குமுன் கோவிந்தப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே முறை என்பது அவர் எண்ணம்.

தமக்கு முழங்கால் வலி, மேடையேற இயலாது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார் கேத்தரினம்மாள். வலி முழங்காலில் இல்லை.

தலைப்பிரசவத்துக்காக அவர் தங்கவயலில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்த மாதங்களில்தான் அந்த விசில் உருவானது. அப்போது நீலசந்திராவின் ஓரத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். மகள் ஆஞ்சலாவைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தபோது குழாயில் விசில் இருந்தது, அருமையாக ஊதியது. ஆனால் அதற்குமுன் நாள்தோறும் கோவிந்தப்பாவின் கடையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த கணவர், இப்போது அந்தத் தெருவையே மிதிக்காமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனார். விசிலை எவரேனும் பாராட்டினால் முகம் சுண்டிப்போய்ப் பேச்சை மாற்றினார். பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண்மணி ஒருநாள் கேத்தரினம்மாளிடம், “உங்க வீட்டுக்காரர் செஞ்சாருன்னு சொல்றீங்க, கோவிந்தப்பா கடையில கூடை கூடையா தொங்குதே. யாரைப் பாத்து யாரு செஞ்சாங்களோ” என்று சிரித்துக்கொண்டே குத்தினாள். அதை வீட்டில் வந்து சொன்னபோது, தியோடர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். கேத்தரினம்மாள் அதன்பின் கேட்கவில்லை. கேட்காமலே விடை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டார். நேர்மை தவறாத மனிதர் அந்த ஒன்றில் மட்டும் தவறிவிட்டார் என்னும் எண்ணம், கருவேலமுள்ளைப்போல அவருக்குள் புதைந்து கிடந்தது.

இப்போது ஊரார் முன்னிலையில் அதைப் பிடுங்கப் போகிறார்கள். படத்தை மாட்டிய பின்னர் கோவிந்தப்பாவின் ஆட்கள் மண்டபத்தில் எழுந்து நின்று, இது களவு என்று சொன்னால் என்ன செய்வது? இரண்டு நாள் உறக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், எவருக்கும் முன்னால் தாமே தெரிந்துகொண்டுவிடுவது என்று முடிவு செய்து, மகளிடம்கூடச் சொல்லாமல் ஆட்டோ பிடித்து நீலசந்திராவுக்குப் போனார்.

கடை பெரிதாகியிருந்தது. கல்லாவில் பார்கவி இருந்தாள். உள்ளே, பிளாஸ்டிக் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே நாற்காலியில் அமர்ந்திருந்த கோவிந்தப்பா, வந்தவர் யார் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார். அவர் முகம் வெளுத்ததைக் கேத்தரினம்மாள் கண்டார். தம்முடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“வாங்கம்மா” என்றார் அவர். “உங்க வூட்லருந்து யாராவது சண்டைக்கு வருவாங்கன்னு ரொம்ப வருசமா பாத்துக்கினு இருக்கேன். இன்னைக்குத்தான் வந்தீங்க.”

“நான் சண்டைக்கு வரல.”

“வந்தாலும் தப்பில்லம்மா. பார்கவி, ஆன்ட்டிக்குக் காபி சொல்லு. உன் வாய்தான் இதுக்கெல்லாம் காரணம்.”

தகப்பனாரின் பெயரும் கண்காட்சியில் வரட்டுமே என்றுதான் சொல்லப் போனதாகப் பார்கவி முணுமுணுத்தாள். கேத்தரினம்மாள் சுற்றி வளைக்கவில்லை. தாம் பிரசவத்துக்குப் போயிருந்தபோது நடந்தது என்ன, அந்த விசிலை முதலில் செய்தது யார், உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்று கேட்டார். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

கோவிந்தப்பா அவரை விந்தையாகப் பார்த்தார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். தியோடர் ஒருநாள் காலையில், கைக்குட்டையில் பொதிந்து ஒரு மூடியைக் கொண்டுவந்தாராம். ஆலயத்தில் உளுத்துப்போய் ஓரங்கட்டப்பட்டிருந்த பழைய ஆர்கனிலிருந்து எடுத்த பித்தளை நாக்கை அதற்குள் பொருத்தியிருந்தாராம். கடை வாசலில் இருந்த குழாயில் அதை மாட்டச் சொன்னாராம். தண்ணீர் வந்தால் இது கூப்பிடும் பார் என்று தெருவில் போனவர் வந்தவரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னாராம்.

“தண்ணி வந்துச்சும்மா. கொழா நல்லி ஊமை மாதிரி மூடி வழியா சொட்டிக்கினு நின்னுச்சு. சத்தமே இல்ல. அப்பால தண்ணி நின்னு போச்சு பாருங்க, அப்பத்தான் பேன்னு கத்த ஆரம்பிச்சுச்சு. போன தண்ணிக்கு ஒப்பாரி வெக்கிற மாதிரி. தெருவே சிரிச்சுது.”

கேத்தரினம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

ஆலயத்து ஆர்கனை அவருக்கு நன்றாகத் தெரியும். அதன் பக்கத்திலேயே நின்று ஆண்டுக்கணக்கில் பாடியிருக்கிறார். கையால் அடிக்கும் ஆர்மோனியம் காற்றை வெளியே தள்ளி ஒலிப்பது. காலால் மிதிக்கும் அந்த ஆர்கனோ காற்றை உள்ளே உறிஞ்சி ஒலிப்பது. அதன் நாக்குகள் உள்ளே போகும் காற்றுக்குத்தான் வாய் திறக்கும். ஆர்கனில் இருந்த வாக்கிலேயே நாக்கை மூடியில் வைத்தால், தண்ணீர் தள்ளிவரும் காற்றுக்கு அது பேசாது. தண்ணீர் நின்று, குழாய்க்குள் மிச்சமிருந்தது பள்ளத்து வீடுகளுக்கு வடியும்போது, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும் அல்லவா, அப்போதுதான் பேசும். ஞாயிறுதோறும் ஆர்கனை மிதித்துப் பழகிய ஒருவருக்கன்றி வேறு எவருக்கும் வரக்கூடிய பிழையன்று அது. ஊதுகிற விசிலைக் கடையில் பார்த்து அதைப்போலச் செய்தவர் சரியாகவே செய்திருப்பார். தலைகீழாகச் செய்தவர் தாமாகத்தான் சிந்தித்திருக்கவேண்டும்.

அவர் கண்கள் நிறைந்தன. பார்கவி பதறி எழுந்தாள்; ஒன்றுமில்லை என்று கையமர்த்தினார்.

“நான் என்னா செஞ்சேன், அந்த நாக்கைப் பிரிச்சுத் திருப்பி வெச்சேன், அவ்ளோதான்” என்று கோவிந்தப்பா தொடர்ந்தார். “மறுநாள் சூப்பரா ஊதுச்சு. அதோட வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம். ஆர்கன் வாசிக்கிற தொரைக்குக் காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியலையேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். சும்னே தமாஷுக்குத்தான் கேட்டேன். அவரு மூடியை எடுத்துக்கினு போனவருதான், அப்பறம் இந்தப் படியேறல.”

பிறகு அவர் குரல் தாழ்ந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் தாமே செய்து விற்றதாகவும், ஒருநாளாவது தியோடரின் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும் என்றும் சொன்னார். அவருடைய சாவுக்குக்கூட வரத் துணிவில்லாமல், கல்லறைத் தோட்டத்தின் வாசலோடு திரும்பிவிட்டதையும் ஒப்புக்கொண்டார்.

“என் பேரு போடவே வேணாம்மா. திருடன்னு எழுதாம இருந்தா போதும்.”

கேத்தரினம்மாள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். எத்தனையோ ஆண்டுகளாக, ஒரே பயத்தை இரண்டு வீடுகளில் வைத்துக் காத்திருக்கிறார்கள். கணவர் முகம் சுண்டியதும், தெருவைச் சுற்றிப் போனதும், பாதிச் சாப்பாட்டில் எழுந்ததும் களவின் அடையாளங்கள் அல்ல. ஆலயத்து ஆர்கன்காரருக்குக் காற்றின் திசை தப்பிப்போன வெட்கம். சொல்லியிருக்கலாம். சொன்னால் மனைவியும் சிரிப்பாள் என்று அஞ்சியிருப்பார். சிரித்துத்தான் இருப்பார் கேத்தரினம்மாள். இதோ, இப்போது சிரிப்பதைப்போல.

“கோவிந்தப்பா, யோசனை அவரோடது. திருப்பி வெச்சது நீங்க. நீங்க திருப்பலைன்னா நாங்க இன்னும் போன தண்ணிக்கு அழுதுக்கிட்டு இருந்திருப்போம். ரெண்டு பேர் பேரும் சேர்ந்துதான் வரும். நீங்களும் வந்து என் பக்கத்துல உக்காரணும்.”

கோவிந்தப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டார். அந்தத் தப்பையும் பலகையில் எழுதவேண்டுமா, சாருக்கு அவமானம் ஆகாதா என்று பார்கவிதான் கேட்டாள். கேத்தரினம்மாளோ, அதை முதலில் எழுதவேண்டும் என்றார். அது ஒன்றுதான் அவர் எவரையும் பார்த்துச் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி என்றார். அவள் புரிந்துகொண்டு தலையசைத்தாள்.

கடைக்கு அடுத்திருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்தே ஃபிராங்க்ளினின் வங்கிக்குத் தொலைபேசினார். பலகையில் இரண்டு பெயர்கள் என்றும், மேடையில் தாமே பேசுவதாகவும் சொன்னார்.

“முழங்கால் எப்படி இருக்கு ஆன்ட்டி?”

“இப்பத்தான் சரியாச்சு, தம்பி.”

“நல்லது. நாலு வார்த்தைதானே, அஞ்சு நிமிஷம் போதுமா?”

“போதாது” என்றார் கேத்தரினம்மாள். “பாஸ்டர் பிரசங்கம் அளவுக்கு ஒதுக்கி வைங்க. சிரிக்கவும் நேரம் வேணும்.”