நாற்பத்தெட்டு லிட்டர் தண்ணீர்

எச்சில் பட்டால் கை அலம்புகிற ஸ்ரீவராகத்துத் தெருவில், எச்சில் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்குவதுதான் எண்பத்து நாலாம் வருஷம் எனக்கு உத்தியோகம். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் தாய்க்கு முப்பது கிராம் கனநீர் குடிக்கக் கொடுப்போம். பார்வைக்கும் ருசிக்கும் சாதாரணத் தண்ணீர்தான், கெடுதல் ஒன்றும் கிடையாது. ஆனால் தாய்ப்பால் வழியாக அது பிள்ளைக்கும் போய்ச் சேரும். பதினான்கு நாள் இருவர் வாயிலும் பஞ்சு வைத்து எச்சில் எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பினால், பிள்ளை எவ்வளவு பால் குடித்தது என்பது எண்ணாக வரும். பிள்ளை குடித்ததா என்று வாயால் கேட்டால் எல்லாத் தாயும் வயிறு முட்ட என்றுதான் சொல்வாள். பஞ்சு அப்படிச் சொல்லாது.

அந்தத் தெருவில் இருந்த விஜயத்தின் பிள்ளைக்கு வந்த எண், மற்றப் பிள்ளைகளின் எண்ணில் பாதிதான் இருந்தது.

"பால் போரா, பொன்னம்மே. இன்னைக்கே டின் பால் தொடங்கச் சொல்லணும், கேட்டோ" என்றார் எங்கள் பிரிவு டாக்டர் ஸ்ரீகண்டன்.

போய்ச் சொன்னேன். மூன்று மாதப் பிள்ளை அவள் மடியில் கிடந்தான். அப்பாவைப் போல ஒல்லி, ஆனால் நல்ல துருதுருப்பு.

"இவன் குடிக்கறச்சே நேக்கு இழுக்கறது தெரியறதே. அதுகூடவா பொய்?" என்றாள் விஜயம். அழாமல் கேட்டாளே, அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஆபீசுக்குத் திரும்பியதும் பம்பாய்க் காகிதத்தை மறுபடி விரித்தேன். பிள்ளையின் எண்ணைப் பார்த்த அவசரத்தில் தாயின் எண்ணை யாரும் பார்க்கவில்லை. குடித்த கனநீர் தாயின் எச்சிலில் எவ்வளவு நீர்த்துப் போயிருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், நாற்பத்தாறு கிலோ விஜயத்தின் உடம்புக்குள் நாற்பத்தெட்டு லிட்டர் தண்ணீர்! எலும்பும் தோலும் எங்கே போயின? சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு பஞ்சு மாறிப்போச்சு. இல்லேன்னா அந்தப் பெண் தண்ணியிலே பாதிதான் குடிச்சிருக்கா. பாதி குடிச்சிருந்தா பிள்ளையோட எண்ணும் பாதியாத்தான் வரும், பாலுக்கு ஒரு குறையும் இல்லை. ஏதுன்னு தெரியாம டின்னை நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

தப்பு என்னுடையது. தாய் கடைசிச் சொட்டுவரை குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. கனநீர் கொடுத்த அன்று விஜயம், "ஸ்வாமிக்குக் காட்டிட்டுக் குடிக்கறேன்" என்று குப்பியோடு உள்ளே போனாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் வீட்டுக் காப்பியை ரசித்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் நான் போனபோது டின் திறந்திருந்தது. பிள்ளை கரண்டியைத் தட்டிவிட்டு வீறிட்டுக்கொண்டிருந்தான். விஜயத்தின் ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது.

"உள்ளதைச் சொல்லு விஜயம். அன்னைக்குத் தண்ணிய முழுசும் குடிச்சியா?"

"குடிச்சேன்" என்றாள். கண் மட்டும் அடுக்களைப் பக்கம் ஓடித் திரும்பியது.

"பாதின்னு ஒரு வார்த்தை சொன்னா இந்த டின்னைத் தூக்கிப் போட்டுரலாம். இல்லைன்னா பாலைக் கட்டிக்கிட்டு டின்னையே புகட்டு!"

"முழுக்க நான்தான் குடிச்சேன்." மறுபடியும் கரண்டியை எடுத்தாள்.

அடுக்களையிலிருந்து சுப்புலக்ஷ்மி வந்தாள். விஜயத்தின் கணவனுக்கு அண்ணன் மனைவி. கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளை இல்லை.

"அவளைப் படுத்தாதேங்கோ. மீதியைக் குடிச்சது நான்."

"மன்னி!" என்று பதறினாள் விஜயம். பிறகு என் பக்கம் திரும்பிப் படபடவென்று கொட்டினாள். "நான்தான் வற்புறுத்தினேன். பால் கணக்குக்காக பம்பாய்லேர்ந்து வந்த தண்ணின்னேளா, அது மன்னிக்கும் ஒரு வழி பண்ணாதான்னு நெனச்சேன். தூக்கித்தான் குடிச்சேன், எச்சில் படலே. பாதியை அவா வாயிலே விட்டேன்."

தன்னைப் பால் இல்லாதவள் என்று ஊர் சொன்னாலும் சரி, மன்னியின் ஆசை சபைக்கு வரக்கூடாது என்று இருந்திருக்கிறாள் இந்தப் பெண். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"அது மருந்து இல்லம்மா. வெறும் அடையாளம். அதனால ஒண்ணும் உண்டாகாது."

சுப்புலக்ஷ்மி தலையாட்டினாள். டின்னை மூடி எட்டத் தள்ளி வைத்தாள். நான் படிவத்தில், 'பாதி சிந்திவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டருக்கு அது போதும்.

"அந்தத் தண்ணி இன்னும் என் உடம்பிலே இருக்குமோ?" என்று கேட்டாள் சுப்புலக்ஷ்மி.

"துளியூண்டு இருக்கும்."

"இவன் உடம்பிலேயும்?"

"இருக்கும். ஒரே குப்பித் தண்ணிதானே."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "அவனை இப்படிக் குடு."

விஜயம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "மன்னி தானாக் கேட்டு இவனை வாங்கறது இதான் முதல் தடவை" என்றாள் என்னிடம்.

சுப்புலக்ஷ்மி அவனை மார்போடு அணைத்து உச்சி முகர்ந்தாள். பசியில் இருந்த பயல் அவள் புடவையில் முகத்தை வைத்து அங்குமிங்கும் தேடினான். அவள் சிரித்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் வைத்திருந்து, விஜயத்தின் மடியில் விட்டாள்.

"அங்கே போய்க் கேளுடா. உங்கம்மாகிட்ட வேண்டிய மட்டும் இருக்கு."