சட்டைக்கை மடிப்பில் ஐந்தாவது துண்டு

கம்பி கட்டுகிறவர் கரண்டி பிடித்தால் அடுப்பே சிரிக்கும் என்று சொல்லிக்கொண்டேதான் மச்சினன் உள்ளே வந்தான். கம்பிக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவிக்குத் தொண்டையில் கத்தி வைத்து இருபது நாள். இருபது நாளும் கஞ்சி. மெத்தென்று இருப்பதை விழுங்கலாம் என்று டாக்டர் அன்று காலையில்தான் வாய் திறந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கைமா உருண்டை போட்ட கொண்டைக்கடலைக் குழம்பு.

மதியமே வேலையை விட்டு வந்தவருக்குச் சட்டை மாற்றக்கூடத் தோன்றவில்லை. ஊறின கடலையைக் குழைய வேகவைத்தார். வெங்காயம், தக்காளி வதக்கி, சீரகம், மல்லித்தூள், பட்டைப்பொடி சேர்த்தார். மிளகாயைப் பேருக்குக் காட்டினார். இரண்டு தடவை அரைத்து வாங்கிய கறியைப் பிசைந்து, பதினெட்டு உருண்டை பிடித்துக் குழம்பில் இறக்கினார். குமிழ் கழன்ற பழைய மூடியைப் போட்டு மூடினார். மச்சினனோடு வாயாடிக்கொண்டே, பிடிதுணியால் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

உருண்டை வெந்தது. கையைக் கழுவிச் சட்டைக்கையை இறக்கப் போனவர், மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்தார்.

கட்டடக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டு முறுக்கியபின் வெட்டிப் போடும் கம்பித் துண்டு யார் காலிலாவது ஏறிவிடும். அதனால் விரல் நீளத் துண்டுகளை எண்ணிச் சட்டைக்கை மடிப்பில் செருகிக்கொள்வார். அன்று வீட்டுக்கு வரும்போது ஐந்து. இப்போது நாலுதான் இருந்தது.

அந்தக் கையால்தான் கறி பிசைந்தார்.

கறி வந்த பை, வெங்காயத் தோல், தரை, தொட்டி எல்லாம் துழாவினார். இல்லை.

"ஆச்சாங்க?" உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் காற்றாக வந்தது. சத்தமாகப் பேச அவளுக்கு இன்னும் முடியாது.

"கொஞ்சம் வேகணும்" என்று பொய் சொன்னார். கம்பி காணோம் என்று சொன்னால், இனி இவர் கையால் ஒரு வாய் வாங்குவாளா? சொல்லாமல், அந்தத் தையல் மேல் கம்பி இறங்கினால்?

திரும்பினால் மச்சினன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, உப்பு பத்தல."

"முழுங்கிட்டியா?"

"பின்ன, பையிலயா போட்டுக்குவாங்க?"

"எத்தன தின்ன?"

"ரெண்டுதான். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

சொன்னார். மச்சினன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

மிச்சம் பதினாறையும் தட்டில் எடுத்து, சூட்டோடு விரலால் பிட்டார். விரல் நுனி வெந்தது. பிட்டதை மறுபடி நசுக்கினார். கடலையை அரிகரண்டியில் அள்ளிப் பார்த்தார். எதிலும் இல்லை. அப்படியானால் அந்த ரெண்டில்தான்.

"மாமா, என்னமோ குத்துது."

"எந்திரி மாப்ள. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? தட்டில் சிதறிக் கிடந்த கறியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. அடுப்பையே பார்த்தாள்.

"குமிழ் இல்லாத மூடிய எதப் புடிச்சுத் தூக்குனீங்க?"

மூடிமேல் கிடந்த துணியை விலக்கினார். குமிழ் இருந்த ஓட்டையில் கட்டுக்கம்பி வளையமாக நின்றது. உள்பக்கம் இரண்டு நுனியும் கச்சிதமாக மடங்கியிருந்தன. எப்போது மாட்டினார்? மச்சினன் கிண்டலுக்கு இவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க, கை அதன் வேலையை அது பார்த்திருக்கிறது.

சட்டைக்கையில் நாலு, மூடியில் ஒன்று என்று விரல்விட்டு எண்ணினார்.

"குத்துனது நின்னுடுச்சு மாமா" என்றான் மச்சினன்.

பிட்ட கறியைக் குழம்பிலேயே கொட்டி, உப்புப் போட்டு, ஒரு கொதி விட்டார். அவள் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். முதல் கரண்டியை அவர் வாங்கி, இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துக் கொடுத்தார். அவள் வாயில் வாங்கி, கண்ணை மூடி விழுங்கினாள். தழும்பு மேலே ஏறி, கீழே இறங்கியது.

இரண்டாவது கரண்டியை அவளாகவே அவரிடம் நீட்டினாள். அதையும் நசுக்கிப் பார்த்தார்.