முழுப் பில்லையும் கட்டிய ஒரே ஆள்

ஆஸ்பத்திரி பில்களைச் சேகரிப்பதுதான் என் வேலை. அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளர். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு வைத்தியம் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது ஆய்வு. விற்கப்படுகிறது என்றுதான் சொல்வேன். ஒரே ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்பதாயிரம் டாலர் நீட்டினால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். இன்ஷூரன்ஸ் கார்டு இல்லாதவன் வந்தால் இருபத்தேழாயிரம். பட்டியல் விலையாம். வெட்கம் கெட்ட விலை.

2001 கோடையில் டெலிகாம் கம்பெனிகள் ஆளைக் குறைத்தபோது, என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த சபரிநாதனுக்கு வேலை போயிற்று. அதே மாதம், கோபிசெட்டிபாளையத்திலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அவன் அப்பா நஞ்சுண்டனுக்குக் குடல்வால் வெடித்தது. அவருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் பில் வந்தது. இருபத்தேழாயிரத்து நானூறு. ஊரில் மஞ்சள் போட்டிருந்த ரெண்டு ஏக்கரை விற்றால்தான் முடியும். அதைத் தவிர அவருக்கு வேறு நிலமும் இல்லை.

"அங்கிள், இப்ப கட்டாதீங்க. ஹூஸ்டன்ல ரெண்டு வாரம் வேலை இருக்கு. வந்ததும் நானே பில்லிங் ஆபீஸ்ல பேசறேன். பாதிக்கு மேல கொறைப்பாங்க" என்றேன்.

"உசுரக் காப்பாத்துனவங்ககிட்டப் போயி பேரம் பேசறதாங்க அம்மிணி? நல்லாவா இருக்கும்?"

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்தான் இந்தியன் கடையில் வெண்டைக்காய்க்கு அரை டாலர் குறைக்கச் சொல்லி மகனின் மானத்தை வாங்கியவர் இவர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களே பேரத்துக்குன்னுதான் வெலையை ஏத்தி வச்சிருக்காங்க அங்கிள். எங்க ஆய்வே அதைப் பத்திதான்."

"செரீங்க" என்றார். ஒத்துக்கொண்டார் என்று நம்பிப் போனேன்.

திரும்பி வந்தபோது சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார். சபரியின் சேமிப்பும் மூன்று கிரெடிட் கார்டும் காலி. அந்தக் கடனை அடைக்க, ஊரில் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்த தம்பியிடம் போனில் சொல்லி ரெண்டு ஏக்கரையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

"இனி யாருக்கும் பாக்கி இல்லீங்க" என்றார்.

ரசீதை வாங்கிக்கொண்டு பில்லிங் ஆபீசுக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, கட்டுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அறுபது சதவீதம் குறைத்திருப்போம், கட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றாள். கேட்டால் குறைப்பார்களாம். கேட்கக் கூச்சப்படுகிறவன் நிலத்தை விற்க வேண்டுமாம். எந்த ஊர் நியாயம் இது?

நஞ்சுண்டனின் சம்மதத்தோடு அவர் பில்லையும் ஆய்வில் சேர்த்தேன். அடுத்த வாரம் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஏழைகளுக்காகப் பேசுகிறவர். ஆய்வு அட்டவணையில் நஞ்சுண்டனுடைய நூற்றுப் பதினெட்டாவது வரியைப் பேனாவால் சுழித்திருந்தார்.

"வான்மதி, இந்த விலையை யாரும் முழுசாகக் கட்ட மாட்டார்கள். டைப் செய்ததில் பிழை. நீக்கிவிடு."

நீக்க மாட்டேன் என்றேன். ரசீதின் நகலை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"பிழை இல்லை சார். கட்டியிருக்கிறார். இரண்டு ஏக்கர் நிலம்."

அவர் ரசீதைப் படித்தார். அட்டவணையில் மேலும் கீழும் தேடினார். பிறகு உண்மையான வருத்தத்தோடு, "ஏக்கருக்கு இதில் கட்டம் இல்லையே" என்றார்.