முனையில் நிற்கும் அண்ணன்கள்

மில் சுவர்ச் சந்தின் முனையில், இல்லாத அண்ணன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கூட்டம் சற்று அதிகம்.

அவர்களை அங்கே நிறுத்தியது பெண்கள்தான். சந்தின் ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் மில்லின் நெடுஞ்சுவர். மறுபக்கம் கடைகளின் பின்புறம்; ஒரு சன்னல்கூடக் கிடையாது. கம்பங்கள் இருந்தன, விளக்குகள் இல்லை. அதனால் உள்ளே கால் வைக்கும் எந்தப் பெண்ணும் யாரையும் அழைக்காத கைப்பேசியைக் காதில் வைத்து, "அண்ணே, முனைலதான நிக்கிறீங்க? இந்தா வந்துட்டேன்" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்வாள். சொன்னதும் முனையில் ஓர் அண்ணன் வந்து நிற்பான். அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் நிற்பான். போகலாம் என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை.

இருட்டில் இத்தனை ஆண்கள் கூடி நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? பயம் வந்தவள் கைப்பேசியை எடுப்பாள்.

கணக்கு வகுப்பு முடிந்து வந்த அமுதவல்லியும் எடுத்தாள். அவள் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிந்தினால் ராத்திரி முழுக்கத் தெருவில்தான். பொய்யிலும் அவளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அண்ணனுக்குத் துரைப்பாண்டி என்று பெயர் வைத்திருந்தாள். ஆறடி உயரம் கொடுத்திருந்தாள். ஆறடி போதுமா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"துரைப்பாண்டி அண்ணே, அங்கனயே நில்லுங்க."

"நிக்கிறேன்" என்று முனையிலிருந்து குரல் வந்தது.

அவள் நடந்தாள். சுவரும் அவள் கூடவே கொஞ்சம் நீண்டது. ஒருவழியாக முனை வந்தது. கூட்டம் நகரவில்லை.

"இதுல எங்கண்ணன் யாரு?"

உயரமான ஓர் உருவம் கை தூக்கியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. முகத்தைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

"என்னைய விடுதியில விட்டுட்டுப் போங்கண்ணே."

"எந்த விடுதி?"

தங்கும் இடத்தைத் தெருவில் சத்தமாகச் சொல்லக் கூடாது. சுற்றி நின்ற அண்ணன்கள் எல்லோரும் காதைக் கொடுத்தார்கள்.

"சொல்லு தங்கச்சி. தெரிஞ்சாத்தான வர முடியும்."

"சொல்ல மாட்டேன்."

"என் தங்கச்சியும் இப்பிடித்தான்" என்று பக்கத்து அண்ணன் பெருமைப்பட்டான். "வருசக்கணக்கா நிக்கிறேன், இன்னும் சொல்லல. நல்ல வளப்பு."

"அப்ப வழிய விடுங்க. நானே போயிக்கிறேன்."

மரியாதையாக விலகினார்கள். அமுதவல்லி காலை எடுத்து வைக்கப் போனாள்.

சந்தின் அந்தக் கோடியில், அவள் நுழைந்த பக்கம், செருப்புச் சத்தம் கேட்டது. டியூஷன் பையோடு ஒரு பெண். முனையைப் பார்த்தாள். நின்றாள். கைப்பேசியைக் காதில் வைத்தாள்.

"அக்கா, முனைலதான நிக்கிற?"

அமுதவல்லிக்குத் தங்கை கிடையாது. வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். மற்ற எல்லோரும் அண்ணன்கள்.

"ஆமா" என்றது அவள் வாய்.

"அங்கனயே நில்லு. நகந்துறாத."

சொல்லிவிட்டு அந்தப் பெண் இருட்டை இன்னொரு முறை பார்த்தாள். திரும்பி, வெளிச்சமான பெரிய ரோட்டு வழியாகப் போய்விட்டாள்.

தூரத்தில் விடுதியின் இரும்புக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. அமுதவல்லியின் கால் அசையவில்லை.

"கொஞ்சம் ஒட்டி நில்லு தங்கச்சி" என்றான் துரைப்பாண்டி. "இன்னும் ஆளு வரும்."